சூரியனுக்குப் பின்னால் கோள்கள் சுருள் சுருளாப் போகிற வீடியோ: பாடப்புத்தக வட்டம் தப்பா?

நத்தம்_செல்வம் | ஞாயிறு இரவு 9:52

குடும்ப வாட்ஸ்அப் குழுவுல மச்சான் ஒரு வீடியோ போட்டிருந்தார். நீங்களும் பார்த்திருப்பீங்க, பல வருஷமாச் சுத்துற சரக்குதான். சூரியன் வால்நட்சத்திரம் மாதிரி முன்னாடி பாயுது, கோள்கள் எல்லாம் அதுக்குப் பின்னாடி ஸ்பிரிங் ஸ்பிரிங்கா இழுபட்டுப் போகுது. கீழே "பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது பொய்"னு எழுத்து ஓடுது.

மக எட்டாவது படிக்கிறா. பார்த்துட்டு, "அப்பா, பரீட்சையில நாங்க போட்ட வட்டம் எல்லாம் தப்பா அப்போ?"ன்னு கேட்டுட்டா. நான் காமர்ஸ் படிச்சவன். நாளைக்குச் சொல்றேன்னு நழுவிட்டேன். நாளைக்குள்ள யாராவது கைகொடுங்க.

கோபி_மெக்கானிக்கல் | ஞாயிறு இரவு 10:07

வீடியோ சரிதான் ப்ரோ. சூரியன் ஒரு இடத்துல நிக்கல. பூமி தன்னைத்தானே சுத்துற வேகம் நிலநடுக்கோட்டுல மணிக்கு 1,670 கி.மீ. சூரியனைச் சுத்துறது மணிக்கு 1,07,000 கி.மீ. சூரியன் நம்மையெல்லாம் இழுத்துக்கிட்டு பால்வெளியோட, அதாவது நம்ம நட்சத்திரக் கூட்டத்தோட, மையத்தைச் சுத்துறது நொடிக்குக் கிட்டத்தட்ட 230 கி.மீ, அதாவது மணிக்கு 8 லட்சம் கி.மீக்கு மேல. இந்தப் பதிவை நீங்க ஒரு நிமிஷம் படிச்சா 13,800 கி.மீ போயாச்சு. அந்த வேகத்துலயும் ஒரு சுத்து முடிக்க 22 கோடி வருஷத்துக்கு மேல ஆகும்.

பூமியும் சுத்துது, சூரியனும் ஓடுதுன்னா பாதை சுருளாத்தானே வரும்? பாடப்புத்தகம்தான் பழசு.

மாடித்_தொலைநோக்கி | ஞாயிறு இரவு 10:41

கோபி தம்பி, எண்ணெல்லாம் சரி, முடிவுதான் இடறுது.

சூரியன் "முன்னாடி", கோள்கள் "பின்னாடி"ங்கிறது சுத்தக் கற்பனை. கோள்கள் சுத்துற தளம் பால்வெளித் தட்டுக்கு ஏறக்குறைய 60 டிகிரி சாய்ஞ்சிருக்கு. அதனால பூமி வருஷத்துல பாதி நாள் சூரியனுக்கு முன்னால போகும், பாதி நாள் பின்னால வரும். முன்னால போறப்ப அதிகபட்சம் 7.5 கோடி கி.மீ வரைக்கும் முந்தும். வால்நட்சத்திர வால் மாதிரி எதுவும் பின்னால தொங்கல. அப்படித் தொங்கணும்னா கோள்களைப் பின்னால தள்ள ஏதாவது தடுக்கணும், காத்தோ தண்ணியோ. அங்க ஒண்ணும் கிடையாது.

சுருள் இருக்கு, ஆனா வீடியோவுல காட்டுற சுருள் இல்லை. நொடிக்கு 230 கி.மீ வேகத்துல சூரியன் ஒரு வருஷத்துல சுமார் 726 கோடி கி.மீ போகும். அந்த ஒரு வருஷத்துல பூமி போடுறது ஒரே ஒரு சுத்து, அந்தச் சுத்தோட அகலம் 30 கோடி கி.மீ. கணக்குப் பண்ணுங்க, 24 மடங்கு. செல்வம் சார், ஒரு ஏ4 தாளை எடுத்து நெட்டு வாக்குல வச்சு, உங்க மகளை 1 செ.மீ அகலத்துக்குச் சுருள் போடச் சொல்லுங்க. ஒரு வளையம் முடியறதுக்குள்ள 24 செ.மீ ஓடணும். தாளே முடிஞ்சிடும். பார்க்கிறதுக்கு ஸ்பிரிங் மாதிரி இருக்காது, சுருட்டி வச்ச நூலைப் பிடிச்சு இழுத்தா லேசா ஒரு நெளிவு மிஞ்சுமே, அப்படித்தான் இருக்கும்.

நத்தம்_செல்வம் | ஞாயிறு இரவு 11:15

போட்டுப் பார்த்தாச்சு. தூங்கப் போனவ எழுந்து வந்து ஸ்கேல் எடுத்துட்டா. "இது சுருளே இல்லப்பா, கோணக் கோடு"ங்கிறா.

சந்தேகப்_பிராணி | திங்கள் காலை 7:20

நொடிக்கு 230 கி.மீ. கேட்க நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டு மாடியில கொடியில காயப்போட்ட வேட்டி அசையாமத் தொங்குது. பைக்ல 60-ல போனாலே கண்ணுல தண்ணி வருது. யாராவது அறிவியல் அண்ணாமார் விளக்கினா நல்லாயிருக்கும். கிண்டலுக்குக் கேட்கல, நிஜமாவே கேட்கிறேன்.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | திங்கள் காலை 8:02

நியாயமான கேள்வி. கண்ணில் தண்ணீர் வருவது வேகத்தால் அல்ல, எதிர்க்காற்றால். பூமியின் காற்று பூமியோடு சேர்ந்தே வருகிறது. பூமிக்கு வெளியே மோதுவதற்குக் காற்று இல்லை.

உடம்பு வேகத்தை உணராது. வேகம் மாறுவதைத்தான் உணரும். ரயில் 100 கி.மீ வேகத்தில் ஓடும்போது டீக்காரர் ஒரு கையில் கெட்டிலும் ஒரு கையில் கப்புமாகச் சிந்தாமல் ஊற்றுகிறார். டிரைவர் பிரேக் பிடித்தால்தான் நம் சட்டையில் டீ. பூமி சூரியனைச் சுற்றுவதால் ஏற்படும் முடுக்கம், அதாவது வேகம் மாறும் அளவு, ஒவ்வொரு நொடியிலும் நொடிக்கு வெறும் 6 மில்லிமீட்டர். நம்மைத் தரையில் பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பின் முடுக்கத்தில் 1,600-இல் ஒரு பங்குகூட இல்லை. பிறகு எப்படி நமக்கு உறைக்கும்?

இதை நம் நாட்டில் ஒருவர் 499-ஆம் ஆண்டிலேயே எழுதி வைத்திருக்கிறார். ஆரியபட்டர். படகில் முன்னோக்கிப் போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னோக்கிப் போவதாகத் தெரிவதுபோல, நிலையாக நிற்கும் விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்று. அவர் சொன்னது பூமி தன்னைத்தானே சுழல்வதைப் பற்றி மட்டும்தான். சூரியனைச் சுற்றுவதையும் அவரே சொல்லிவிட்டார் என்று சிலர் வாட்ஸ்அப்பில் நீட்டுவார்கள், அதை நம்ப வேண்டாம். அவருக்குப் பின் வந்தவர்களே அந்தச் சுழற்சியை ஏற்க மறுத்தார்கள் என்பது வேறு கதை.

அண்டவெளி_அகிலா | திங்கள் காலை 9:36

வாத்தியார் ஐயா சொன்னதில் ஒரு சின்னத் திருத்தம், மன்னிக்கணும். 6 மில்லிமீட்டர் சின்னதா இருக்கிறதால மட்டும் நாம உணராம இல்ல. அது பெருசா இருந்தாலும் உணர மாட்டோம். சூரியன் பூமியை இழுக்கிற அதே அளவுல பூமி மேல நிக்கிற நம்மையும் இழுக்குது. ரெண்டு பேரும் சேர்ந்தே விழுறோம். விண்வெளி நிலையத்துல இருக்கிறவங்க மிதக்கிற அதே காரணம். ரயில் பிரேக்ல டீ சிந்துறது, பிரேக் பெட்டியை மட்டும் பிடிச்சு டீயைப் பிடிக்காததால.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | திங்கள் காலை 9:50

சரிதான் அம்மா. முப்பது வருஷம் அந்த டீக்காரரை வைத்தே ஓட்டிவிட்டேன்.

கோபி_மெக்கானிக்கல் | திங்கள் மதியம் 1:18

மாடி அண்ணா, ஒரு இடத்துல இடிக்குது. சூரியன் அபிஜித் நட்சத்திரம் இருக்கிற பக்கமா நொடிக்கு 20 கி.மீ வேகத்துல போகுதுன்னு ஒரு புத்தகத்துல இருக்கு. நீங்களும் நானும் 230ன்னு சொல்றோம். எது சரி?

மாடித்_தொலைநோக்கி | திங்கள் மதியம் 2:05

ரெண்டும் சரி! இந்த இழையோட உயிர்நாடியே நீங்க கேட்ட இந்தக் கேள்விதான்.

நெடுஞ்சாலையில நாலு பஸ் வரிசையா 80-ல போகுதுன்னு வைங்க. உங்க பஸ் 82. சாலையோர டீக்கடைக்காரருக்கு நீங்க 82. பக்கத்து பஸ் ஜன்னல்ல உட்கார்ந்திருக்கிறவருக்கு நீங்க வெறும் 2. அந்த 230 பால்வெளி மையத்தை வச்சு அளந்தது, திசை வானத்துல அன்னம்ங்கிற நட்சத்திர மண்டலம் பக்கம். அந்த 20 நம்ம அக்கம்பக்கத்து நட்சத்திரங்களோட சராசரி ஓட்டத்தை வச்சு அளந்தது, திசை அபிஜித்துக்குக் கொஞ்சம் தள்ளி. இந்த ரெண்டாவதை 1783-லேயே வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடிச்சுட்டார், கையில இருந்த சில நட்சத்திரங்களோட நகர்வை மட்டும் வச்சு. மழையில வண்டி ஓட்டினா துளியெல்லாம் எதிர்ல ஒரு புள்ளியில இருந்து விரிஞ்சு வர்ற மாதிரி இருக்குமே, அந்த மாதிரி நட்சத்திரங்கள் எந்தப் புள்ளியில இருந்து விலகுற மாதிரி தெரியுதுன்னு தேடினார்.

இப்ப வேடிக்கை பாருங்க. 20 கி.மீ வேகத்துக்கு வருஷத்துக்கு 63 கோடி கி.மீ. பூமிச் சுத்தோட அகலம் 30 கோடி. ரெண்டு மடங்குதான். அதாவது அக்கம்பக்கத்து நட்சத்திரத்துல உட்கார்ந்து பார்த்தா வீடியோக்காரர் காட்டுற மாதிரி நல்ல ஸ்பிரிங்கே தெரியும். பால்வெளி மையத்துல இருந்து பார்த்தா நெளிஞ்ச நூல். சூரியன் மேல உட்கார்ந்து பார்த்தா செல்வம் சார் மக பரீட்சையில போட்ட வட்டம். மூணுமே ஒரே பூமிதான். "பள்ளிக்கூடம் பொய் சொன்னது"ங்கிறதுதான் பொய்.

அண்டவெளி_அகிலா | திங்கள் மாலை 4:44

அருமை அண்ணா. அந்த மூணாவதுலயும் ஒரு பொடி வைக்கிறேன். சூரியன் மேல உட்கார்ந்தாலும் நிம்மதி கிடையாது. வியாழன் இழுக்கிற இழுப்புல சூரியனும் ஒரு குட்டி வட்டம் போடுது. ரெண்டுக்கும் பொதுவான எடை மையம் சூரியனோட மேற்பரப்புக்குக் கொஞ்சம் வெளியில விழும். அந்த ஆட்டத்தோட வேகம் நொடிக்கு 12, 13 மீட்டர். டவுன் பஸ் வேகம்! இந்த மாதிரி ஆட்டத்தைத் தூரத்து நட்சத்திரங்கள்ல தேடித்தான் 1995-ல 51 பெகாசி நட்சத்திரத்தைச் சுத்துற கோளைக் கண்டுபிடிச்சாங்க, 2019-ல நோபலும் வாங்கினாங்க.

சந்தேகப்_பிராணி | திங்கள் மாலை 5:30

சரி, ஒத்துக்கிறேன். ஆனா பல ஒளியாண்டு தள்ளி இருக்கிற நட்சத்திரம் டவுன் பஸ் வேகத்துல ஆடுதுன்னு எப்படிய்யா அளக்கிறீங்க? ஸ்பீடு கன் வச்சா?

அண்டவெளி_அகிலா | திங்கள் மாலை 6:12

கிட்டத்தட்ட அதேதான். போலீஸ் வச்சிருக்கிற ஸ்பீடு கன்னும் டாப்ளர் விளைவுதான், இதுவும் அதுதான். ஹாரன் அடிச்சுக்கிட்டு வர்ற ரயில் கிட்ட வரும்போது சத்தம் கீச்சுனும், தாண்டிப் போனதும் கம்மினும் கேட்கும் இல்லையா? ஒளிக்கும் அப்படித்தான். நட்சத்திர ஒளியைப் பிரிச்சா அதுல கறுப்புக் கோடுகள் தெரியும். நம்மை நோக்கி வந்தா அந்தக் கோடுகள் நீலப் பக்கம் நகரும், விலகிப் போனா சிவப்புப் பக்கம். எவ்வளவு நகருதோ அதுதான் வேகம்.

வெளிநாட்டு சமாச்சாரம்னு நினைக்காதீங்க. 1909 ஜனவரியில கொடைக்கானல் சூரிய ஆய்வகத்துல ஜான் எவர்ஷெட் சூரியன் மேல தெரியுற கரும்புள்ளியோட ஒளியைப் பிரிச்சப்ப கோடுகள் சாய்ஞ்சிருக்கிறதைப் பார்த்தார். புள்ளியோட நடுவுல இருந்து வெளிப்பக்கமா வாயு ஓடுதுன்னு அந்தச் சாய்வுல இருந்தே கண்டுபிடிச்சார். இன்னிக்கும் அதுக்குப் பேர் எவர்ஷெட் விளைவு.

பஞ்சாங்கம்_படிப்பவன் | திங்கள் இரவு 8:40

நட்சத்திரம் எல்லாம் ஓடுதுன்னு சொல்றீங்க. எங்க தாத்தா காட்டின சப்தரிஷி மண்டலம் அப்படியேதானே இருக்கு? கல்யாணத்துல அருந்ததி காட்டினாங்க, இன்னிக்கும் அதே இடத்துலதான் இருக்கா அம்மா.

மாடித்_தொலைநோக்கி | திங்கள் இரவு 9:25

நகரும், ஆனா உங்க தாத்தா ஆயுசு பத்தாது. 1718-ல எட்மண்ட் ஹேலி பழைய கிரேக்க அட்டவணையை எடுத்து வச்சுப் பார்த்தப்ப சுவாதி, ரோகிணி, சிரியஸ் மூணும் பழைய இடத்துல இல்ல. சுவாதிக்கு மட்டும் கணக்குப் போட்டா, 1,850 வருஷத்துல ஒரு டிகிரிக்கு மேல, அதாவது ரெண்டு முழு நிலா அகலத்துக்கு நகர்ந்திருக்கும். ஜூன் மாசம் ராத்திரி 9 மணிக்கு வெளிய போய் அண்ணாந்து பாருங்க, உச்சிக்குக் கொஞ்சம் வடக்கே ஆரஞ்சுக் கலர்ல பளிச்சுன்னு ஒண்ணு இருக்கும், அதான் சுவாதி. 37 ஒளியாண்டு தூரம். நம்மோட ஒப்பிட்டா நொடிக்கு 120 கி.மீக்கு மேல ஓடுது. நம்ம கூட ஒரே தட்டுல சாதுவாச் சுத்துற கூட்டத்தைச் சேர்ந்தது இல்ல, தட்டைக் குறுக்கா வெட்டிக்கிட்டுப் போற ஆள்.

அருந்ததி விஷயத்துக்கு வர்றேன். நான் அப்பப்ப நினைச்சு ஆச்சரியப்படுறது இது. சப்தரிஷியில ஏழு பேர். அதுல வால் நுனி மரீசியும் எதிர்முனை கிரதுவும் ஒருபக்கமா, தங்கள் பாட்டுக்குப் போறாங்க. நடுவுல இருக்கிற அஞ்சு பேரும் ஒரே திசையில ஒரே வேகத்துல போறாங்க, ஒரே மேகத்துல பொறந்தவங்க. 1869-லேயே ரிச்சர்ட் ப்ராக்டர் இதைக் கவனிச்சுட்டார். அந்தக் கூட்டத்துல வசிஷ்டரும் உண்டு, பக்கத்துல இருக்கிற அருந்ததியும் உண்டு. சுமார் 80 ஒளியாண்டு தள்ளி, ஏறக்குறைய 40 கோடி வருஷமா ஒண்ணாவே போய்க்கிட்டிருக்காங்க. கல்யாணத்துல காட்டுறதுக்கு நல்ல ஜோடியாத்தான் தேர்ந்தெடுத்திருக்காங்க.

பஞ்சாங்கம்_படிப்பவன் | திங்கள் இரவு 9:31

இதை எங்க வீட்டம்மாகிட்ட இப்பவே காட்டுறேன்.

அப்படியே இன்னொண்ணு. நட்சத்திரம் நகர்றதால ஜாதகமெல்லாம் தப்பாப் போயிடுமா?

மட்டுறுத்துநர் | திங்கள் இரவு 9:40

ஜாதக விவாதத்துக்குத் தனி இழை இருக்கு. அங்க நடந்த சண்டையே இன்னும் ஆறல.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | திங்கள் இரவு 10:05

ஜாதகத்துக்குள் போகாமல் ஒன்று மட்டும். நட்சத்திரங்களின் சொந்த நகர்வு அற்பம். பூமியின் அச்சு பம்பரம்போல் மெல்லத் தலையாட்டுவதுதான் பெரிய நகர்வு. ஒரு முழு ஆட்டத்துக்கு ஏறத்தாழ 26,000 ஆண்டுகள், 72 ஆண்டுக்கு ஒரு டிகிரி. பகலும் இரவும் சமமாக வரும் நாள் மார்ச் 20, 21. நமக்குச் சித்திரை முதல் நாள் ஏப்ரல் 14. அந்த 24 நாள் இடைவெளி இந்தத் தலையாட்டலின் கணக்குதான். மார்ச் நாளைப் பிடித்துக்கொள்பவர்கள் சூரியனைப் பார்த்து வருஷம் எண்ணுகிறார்கள், நாம் நட்சத்திரங்களைப் பார்த்து எண்ணுகிறோம்.

கோபி_மெக்கானிக்கல் | செவ்வாய் காலை 10:15

சரி, பெரிய கேள்விக்கு வருவோம். பால்வெளியே ஓடுதா? எங்க?

அண்டவெளி_அகிலா | செவ்வாய் மதியம் 12:50

ஓடுது. ஆனா இங்கயும் "எதை வச்சு"ன்னு கேட்கணும்.

ஆண்ட்ரோமெடாவை எடுத்துக்குங்க, 25 லட்சம் ஒளியாண்டு தூரத்துல இருக்கிற அடுத்த பெரிய விண்மீன் மண்டலம். 1912-ல வெஸ்டோ ஸ்லைஃபர் அதோட வேகத்தை அளந்தார், நொடிக்கு 300 கி.மீ, அதுவும் நம்மை நோக்கி. பயங்கரமா இருக்கு இல்ல? ஆனா அப்ப சூரியன் பால்வெளியைச் சுத்துற ஓட்டத்துல ஆண்ட்ரோமெடா இருக்கிற பக்கமாத்தான் போய்க்கிட்டிருக்கு. நம்ம சொந்த ஓட்டத்தைக் கழிச்சா மிச்சம் 110 கி.மீதான். முட்டுமா முட்டாதாங்கிறதும் முன்ன சொன்ன அளவுக்கு உறுதி இல்ல. 2012-ல ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கியோட அளவீடுகளை வச்சு 400 கோடி வருஷத்துல நிச்சயம்னாங்க. 2025-ல வந்த ஆய்வு, அடுத்த 1,000 கோடி வருஷத்துல முட்ட வாய்ப்பு பாதிக்குப் பாதின்னு சொல்லுது.

தூரத்து மண்டலங்கள் எல்லாம் விலகிப் போறது வேற கணக்கு. அதை ஓட்டம்னே சொல்லக்கூடாது. பொங்குற இட்லி மாவுல கிடக்கிற வெந்தயத்தை நினைச்சுக்குங்க. வெந்தயம் எங்கயும் நீந்தல, மாவுதான் உப்புது, வெந்தயத்துக்கு வெந்தயம் தூரம் கூடுது. தூரத்துல இருக்கிறது வேகமா விலகும். ஆனா பால்வெளியும் ஆண்ட்ரோமெடாவும் ஈர்ப்பால ஒண்ணை ஒண்ணு பிடிச்சிருக்கிற ஜோடி, அதுக்கு நடுவுல மாவு உப்பாது.

சந்தேகப்_பிராணி | செவ்வாய் மதியம் 1:02

மாவு பொங்கினா பாத்திரத்துல இருந்து வழியும். அண்டம் எதுல இருந்து வழியுது?

அண்டவெளி_அகிலா | செவ்வாய் மதியம் 1:20

பாத்திரமே இல்லாத மாவு. உவமையை அதுக்கு மேல இழுத்தா கிழிஞ்சிடும்.

கோபி கேட்டதுக்கு முழுப் பதில்: அண்டம் முழுக்க நிறைஞ்சிருக்கிற ஒரு மங்கலான நுண்ணலைக் கதிர்வீச்சு இருக்கு. வெப்பநிலை 2.725 கெல்வின், அதாவது சுமார் மைனஸ் 270 டிகிரி செல்சியஸ். எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கணும். ஆனா சிம்மத்துக்குத் தெற்கே ஒரு பக்கம் ஆயிரத்துல ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூட சூடு, நேர் எதிர்ப்பக்கம் அதே அளவு குளிர்ச்சி. எழுபதுகள்ல யூ-2 உளவு விமானத்துல கருவியை ஏத்தி ஜார்ஜ் ஸ்மூட் குழு இதை அளந்துச்சு. அதே டாப்ளர்தான். கணக்குப் போட்டா நம்ம சூரியக் குடும்பம் அந்தக் கதிர்வீச்சை வச்சுப் பார்க்கையில நொடிக்கு 370 கி.மீ வேகத்துல சிம்மம் பக்கமாப் போகுது. ஆண்ட்ரோமெடா, பால்வெளி எல்லாம் சேர்ந்த நம்ம உள்ளூர்க் கூட்டம் மொத்தமா 600 கி.மீக்கு மேல.

கோபி_மெக்கானிக்கல் | செவ்வாய் மதியம் 1:33

அப்போ அதுதான் உண்மையான வேகம்! மத்ததெல்லாம் ஒப்பீடு.

அண்டவெளி_அகிலா | செவ்வாய் மதியம் 2:10

ஆசை எனக்கும் உண்டு. ஆனா இல்ல. அது அளக்கிறதுக்கு வசதியான டீக்கடை, அவ்வளவுதான். எல்லாருக்கும் தெரியுற டீக்கடைங்கிறதால அது நிக்குதுன்னு இயற்பியல் விதி எதுவும் சொல்லல.

வேகத்துக்குத்தான் இந்தத் தொல்லை. வேகம் மாறுறதுக்கு ஒப்பீடு தேவையில்ல, அதை நேரடியாப் பிடிக்கலாம். கையா விண்கலம் குவேசார்ங்கிற வெகுதூரப் பிரகாச மண்டலங்களோட இடத்தை அளந்து, பால்வெளி மையம் பக்கமா சூரியக் குடும்பம் வளையறதைப் பிடிச்சது, 2020 டிசம்பர்ல அறிவிச்சாங்க. ஒரு வருஷத்துக்கு வேகம் மாறுற அளவு நொடிக்கு 7 மில்லிமீட்டர். ஒரு வருஷம் முழுக்க ஓடி, ஒரு எறும்பு நடக்கிற வேகம்தான் மாறியிருக்கு. இதுல சந்தேகப்பிராணி அண்ணன் வேட்டி எப்படி அசையும்?

சந்தேகப்_பிராணி | செவ்வாய் மதியம் 2:14

வேட்டியை எடுத்து மடிச்சு வச்சாச்சு.

நத்தம்_செல்வம் | செவ்வாய் இரவு 8:30

எல்லாருக்கும் நன்றி. நான் பாதி புரிஞ்சு சொன்னதை மக முழுசாப் புரிஞ்சுக்கிட்டா. இப்ப வேற பிரச்சினை. "இதையெல்லாம் பெரிய கருவி வச்சு அளந்திருக்காங்க, நம்ம வீட்டுல அளக்க முடியுற நகர்வு எதுவுமே இல்லையா?"ங்கிறா.

மாடித்_தொலைநோக்கி | செவ்வாய் இரவு 8:48

இருக்கு. மேற்குப் பக்கம் பக்கத்து வீட்டுத் தண்ணித் தொட்டி இருக்கா? மாடிப்படியில ஒரே படியில உட்கார்ந்து, சுவத்துல ஒரே இடத்துல தலையைச் சாய்ச்சுக்கணும். மேற்கே இறங்குற ஒரு பிரகாசமான நட்சத்திரம், இப்ப மகம் வசதி, தொட்டி விளிம்புல மறையுற நேரத்தைக் குறிக்கணும். தினமும். தலை மட்டும் இடம் மாறக்கூடாது.

நத்தம்_செல்வம் | சனி இரவு 9:40

அறிக்கை சமர்ப்பிக்கிறோம். புதன் 9:14. வியாழன் 9:10. வெள்ளி மேகம், கொசுக்கடி மட்டும் மிச்சம். இன்னிக்கு 9:02.

தினமும் 4 நிமிஷம் முந்துது! ஏன்னு இணையத்துல தேடி, சரியா 3 நிமிஷம் 56 வினாடின்னு கண்டுபிடிச்சா. இந்த வேகத்துல எத்தனை நாள்ல மறுபடி 9:14-க்கே வரும்னு கணக்குப் போட்டா. 86,400 வினாடியை 236-ஆல வகுத்தா 366. "வருஷத்துக்கு 365 நாள்தானே, ஒண்ணு கூட வருதே, எங்கயோ தப்புப் பண்ணிட்டேன்"னு 366-ஐ அடிச்சுட்டு 365ன்னு எழுதி வச்சிருக்கா.

ஓய்வுபெற்ற_வாத்தியார் | சனி இரவு 9:58

அடிக்கக் கூடாது! அவள் எழுதிய 366 சரி.

அவள் எண்ணியது நாட்களை அல்ல, நட்சத்திரம் தொட்டியில் மறைந்த தடவைகளை. கடிகாரம் சூரியனைப் பார்த்து ஓடுகிறது. சூரியனைப் பார்த்து எண்ணினால் பூமி வருஷத்துக்கு 365 தடவை சுழல்கிறது. நட்சத்திரத்தைப் பார்த்து எண்ணினால் 366. அந்தக் கூடுதல் ஒரு சுற்று, பூமி சூரியனைச் சுற்றி வந்ததால் வந்தது. மூன்று ராத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து பூமியின் ஓட்டத்தை அவளே அளந்திருக்கிறாள். அதைப் போய் அடித்துவிட்டாளே.

நத்தம்_செல்வம் | சனி இரவு 10:06

தூங்கிட்டா சார். நோட்டை விரிச்சு மேசை மேலயே வச்சிருக்கேன், பக்கத்துல ரப்பரும்.